டொல்பின் வேனின் சைலன்சர்: மூன்று தடவை ஒட்டியும் ஏன் நிற்கவில்லை?

வாகனம் டொயோட்டா ஹயஸ், எல்.எச். 113. நம் ஊரில் டொல்பின் என்றால்தான் தெரியும். 3எல் டீசல் எஞ்சின், 2,779 சீ.சீ., டேர்போ இல்லை. இரவில் நிற்பது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவிலுள்ள ஓர் ஒழுங்கையில். பகலில் பள்ளிக்கூடச் சேவை: காலையில் ஓர் ஓட்டம், மதியம் ஓர் ஓட்டம். ஒவ்வொன்றும் ஆறேழு கிலோமீற்றர், அதிலும் பாதி நேரம் வாகன நெரிசலில் நிற்பது. இந்த மூன்றும், அதாவது கடற்காற்று, குறுகிய ஓட்டம், நின்று நின்று போவது, பிறகு வரும் கதைக்கு முக்கியம்.

முறைப்பாடு சத்தம். பதினெட்டு மாதத்தில் மூன்று வெல்டிங் நடந்திருக்கிறது. முதலாவது பின் சைலன்சரின் அடிப்பக்கம். மற்ற இரண்டும் முன் குழாய் மெனிஃபோல்டோடு, அதாவது எஞ்சினின் புகையைச் சேர்த்து வெளியே விடும் வார்ப்பிரும்புப் பாகத்தோடு, சேரும் கழுத்தில், அதே இடத்தில். மூன்றாவது ஒட்டு ஏழு கிழமைதான் நின்றது. இப்போது காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம், எஞ்சின் சூடானதும் குறைகிறது. முன் சீட்டில் இருப்பவருக்குப் புகை மணக்கிறது.

அவசரம் சத்தத்தில் இல்லை, மணத்தில்தான். இந்த வேனின் எஞ்சின் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. முன் குழாயில் கசிவது ஒரு மூடியையும் அதைச் சுற்றியுள்ள பழைய ரப்பரையும் தாண்டினால் நேரே பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வரும். டீசலில் நச்சு வாயுவான காபன் மொனொக்சைட் பெற்றோலைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனால் அது இல்லாமல் இல்லை, அதற்கு மணமும் இல்லை. மூக்கில் படுவது மற்ற வாயுக்கள்தான். முன் கசிவு உறுதியான அன்றே வேனைச் சேவையிலிருந்து நிறுத்தியது இந்த வேலையில் எடுத்த சரியான முதல் முடிவு.

கசிவைத் தேடுதல்

உரிமையாளர் பின் சைலன்சரை மாற்றத்தான் தயாராக இருந்தார். வேலையைச் செய்யப்போன அக்காவின் மகன் ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, தடித்த ஈரத் துணியை வால் குழாயில் இரண்டு மூன்று வினாடி அழுத்திப் பிடித்தார். "மாமா, பின்னால இல்ல, முன்னாலதான் சீறுது" என்றது அந்தச் சோதனையின் முடிவு. துணியால் அடைத்ததும் குழாய்க்குள் அழுத்தம் ஏறும், ஓட்டை எங்கே இருந்தாலும் சீறும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்பதற்குக் கைக்காகும் சூடு மட்டும் காரணம் இல்லை. சூட்டில் இரும்பு விரிந்து மெல்லிய வெடிப்பு தானாக மூடிக்கொள்ளும். டிக் டிக் சத்தம் சூட்டில் மறைந்ததும் அதனால்தான். சூடான வேனைக் கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் "சத்தம் ஒன்றும் இல்லையே" என்ற பதில் வருவதும் அதனால்தான்.

பிறகு டோர்ச் வெளிச்சத்தில் புகைக்கரி தேடப்பட்டது. பிளாஞ்சின், அதாவது குழாயை மெனிஃபோல்டோடு பூட்டும் தகட்டின், கீழ் விளிம்பிலிருந்து கறுப்புக் கோடு ஒன்று பின்னோக்கி ஓடியிருந்தது. வெடிப்பு கழுத்தின் அடிப்பக்கத்தில், பழைய வெல்டிங்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போயிருந்தது. வெல்டிங்கின் நடுவில் இல்லை. இதைக் கவனிக்க வேண்டும். ஒட்டு சரியில்லை என்றால் ஒட்டே பிளக்கும். ஒட்டின் ஓரத்தில், அதுவும் எப்போதும் அடிப்பக்கத்தில் வெடித்தால் குழாய் தொங்குகிறது, தொங்கி ஆடுகிறது என்று அர்த்தம்.

தாங்க வேண்டியது எது? கியர்பொக்ஸின் உடலில் இரண்டு வெறும் புரித்துளைகள் இருந்தன. உள்ளே எண்ணெய்ச் சேறு. அதற்கு நேர் எதிரே முன் குழாயில் ஒரு கைப்பிடித் தகடு, எதையும் பிடிக்காமல் நின்றது. முன் குழாயைக் கியர்பொக்ஸோடு சேர்க்கும் பிராக்கட் காணாமல் போயிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கிளச் மாற்றியிருக்கிறார்கள். கியர்பொக்ஸை இறக்கும்போது கழற்றிய பிராக்கட்டைத் திரும்பப் பூட்டவில்லை. முதல் வெடிப்பு அதற்குச் சில மாதம் கழித்துத்தான் வந்தது.

அந்தப் பிராக்கட்டின் வேலை எளிது. எஞ்சினும் கியர்பொக்ஸும் ரப்பர் மவுன்டில் சேர்ந்து ஆடும். முன் குழாய் அவற்றோடு பூட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து ஆடும், வளையாது. பிராக்கட் இல்லாவிட்டால் குழாயின் முன் முனை எஞ்சினோடு ஆடும், பின் பாதி வேனின் உடலில் தொங்கிக்கொண்டு சும்மா நிற்கும். நடுவிலுள்ள கழுத்து ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வளையும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கி முறிப்பது போலத்தான். எஞ்சின் மவுன்ட் செத்திருந்தாலும் இதே கதை நடக்கும், ஆகவே அதுவும் பார்க்கப்பட்டது: ஒருவர் பிரேக்கில் நின்று கிளச்சை மெல்ல விட, மற்றவர் பக்கத்தில் நின்று எஞ்சின் எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தார். மவுன்ட் நன்றாக இருந்தது.

இதற்குமேல், குழாயைத் தொங்கவிடும் ஹெங்கர் ரப்பர் ஒன்று அறுந்து, அந்த இடத்தைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தற்காலிகமாக ஒரு நாளைக்குச் சரி. மாதக்கணக்கில் என்றால் கம்பி குழாயை அசையவிடாமல் பிடித்து, வளைவு முழுவதையும் கழுத்துக்கே அனுப்பிவிடும்.

பின் சைலன்சர் தனி விஷயம். அடிப்பக்கத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்தினால் தகடு பிஸ்கட் போல நொறுங்கியது. ஆட்டினால் உள்ளே கறள் கலகலத்தது. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். நீண்ட ஓட்டத்தில் சைலன்சர் நன்றாகச் சூடாகி அது அப்படியே பறந்துவிடும். ஆறு கிலோமீற்றர் ஓட்டத்தில் சைலன்சரின் பின் பாதி சூடாகவே சூடாகாது, ஆவி உள்ளேயே தண்ணீராகித் தேங்கும். டீசலிலுள்ள சல்ஃபரும் சேர்ந்தால் அது வெறும் தண்ணீர் இல்லை, அமிலம். இதற்காகத்தான் சைலன்சரின் தாழ்ந்த மூலையில் 3 மி.மீ. அளவில் ஒரு துளை இருக்கும். முதல் வெல்டிங் செய்தவர் அந்தத் துளையையும் ஓட்டை என்று நினைத்து அடைத்துவிட்டார். தண்ணீர் போக வழியில்லாமல் மிச்சத் தகட்டையும் தின்றுவிட்டது.

ஆக, கிளச் வேலை முன் குழாயை உடைத்தது, சைலன்சரை ஒட்டியது சைலன்சரைக் கெடுத்தது. சைலன்சரை மட்டும் மாற்றியிருந்தால் நாலாவது வெல்டிங்குக்கு நாள் குறிக்க வேண்டியதுதான்.

பஞ்சிகாவத்தையில்

கொழும்பில் வாகன உதிரிப்பாகத்துக்குப் போகும் இடம் இது. ஞாயிறும் போயாவும் கடை திறந்திருக்கும் என்று நம்பி வேலையைத் தொடங்கக்கூடாது. சாமான் முழுவதும் சனிக்கிழமையே வாங்கப்பட்டது: ஜப்பானிலிருந்து வந்த பாவித்த முன் குழாய் ஒன்று, புதுச் சைலன்சர் ஒன்று, மெனிஃபோல்ட் பிளாஞ்ச் கேஸ்கட் (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்பு) ஒன்று, எம்10 ஸ்டட் (10 மி.மீ. தடிப்புள்ள, தலையில்லாத போல்ட்) மூன்று, செப்புப் பூச்சு நட் மூன்று, ஹெங்கர் ரப்பர் நாலு, யூ கிளம்ப் இரண்டு, இணைப்புக்கு 30 செ.மீ. குழாய், பிராக்கட்டுக்கு 4 மி.மீ. தகடு, செப்புக் கிரீஸ் ஒரு சிறிய டியூப்.

கவுன்டரில் கேட்ட முதல் கேள்வி: "பழசைக் கொண்டு வந்தீங்களா தம்பி? அளவை வாயால சொல்லாதீங்க." அது நியாயமான கேள்வி. பழைய குழாயை வேர்னியர் கலிப்பரால் அளந்தால் வெளிவிட்டம் 48.6 மி.மீ. தண்ணீர்க் குழாயாகப் பாவிக்கும் ஒன்றரை இஞ்சி ஜீ.ஐ. குழாயின், அதாவது நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்புக் குழாயின், வெளிவிட்டம் 48.3. கிட்டத்தட்ட அச்சு அசல். அதனால்தான் அவசரக் கராஜ்கள் சைலன்சருக்கு ஜீ.ஐ. குழாயை வெட்டிப் போடுகின்றன. அது வேண்டாம். நாகப் பூச்சை வெல்டிங் செய்தால் வரும் வெள்ளைப் புகை அன்றிரவே காய்ச்சல் நடுக்கத்தில் படுக்கவைக்கும். மெனிஃபோல்டுக்குக் கிட்டப் பூச்சும் நிற்காது, நாகம் 419 பாகை செல்சியஸில் உருகிவிடும். சுவர் தடிப்பும் அதிகம், அந்தப் பாரம் முழுவதும் ஹெங்கரில்தான்.

இணைப்புக் குழாயில் இன்னொரு பொறி இருக்கிறது. இரண்டு இஞ்சிக் குழாய், அதாவது 50.8 மி.மீ., 48.6 இன் மேல் ஏறும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சுவர் 1.0 மி.மீ. என்றால் உள்விட்டம் 48.8, கையால் தள்ள ஏறும். சுவர் 1.2 என்றால் உள்விட்டம் 48.4, எவ்வளவு அடித்தாலும் ஏறாது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடக்கும். பழைய குழாயில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு போய் அங்கேயே போட்டுப் பார்ப்பதுதான் வழி.

சைலன்சருக்கு அலுமினியப் பூச்சுள்ள தகடு நல்லது, மங்கிய வெள்ளி நிறத்தில் இருக்கும். பூப்பூவாகத் தெரிந்தால் அது நாகம். காந்தம் பிடிக்கிறதா என்று பார்த்து ஸ்டெயின்லஸ் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். சைலன்சருக்குப் பாவிக்கும் 409 ரகத்தைக் காந்தம் நன்றாகவே பிடிக்கும். உள்ளே தடுப்பே இல்லாத டப்பா சைலன்சர் மலிவாகக் கிடைக்கும். டேர்போ இல்லாத இந்த எஞ்சினுக்கு அதனால் இழுவை கூடாது, ஒழுங்கையின் சாபம்தான் கூடும்.

கழற்றுதல்

வேனுக்கு அடியில் போவதற்கு ஜக்கை மட்டும் நம்பக்கூடாது. இன்டர்லொக் கல் பதித்த முற்றத்தில் ஸ்டாண்டின் கால் ஒரு கல்லை அமிழ்த்திச் சரியும். ஸ்டாண்டுக்கு அடியில் ஓரடி சதுரத்தில் தடித்த பலகை, தரையில் நிற்கும் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை, பிறகு உடலைக் கையால் நன்றாக ஆட்டிப் பார்த்தல். கண்ணாடி கட்டாயம். கறள் விழுவது எப்போதும் கண்ணுக்கு நேரேதான்.

பின் சைலன்சரைக் கழற்ற நேரம் செலவழிக்கத் தேவையில்லை. திரும்பப் போடாத சாமானைக் கிரைண்டரால் வெட்டி எடுக்கலாம். பிரேக் குழாய், டீசல் குழாய், ஹான்ட்பிரேக் கேபிள் ஆகியவற்றை ஈரச் சாக்கால் மூடி, பொறி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து வெட்ட வேண்டும். ஹெங்கர் ரப்பரைக் கழற்றவும் பூட்டவும் சவர்க்காரத் தண்ணீர் போதும். எண்ணெய் போட்டால் ரப்பர் ஊதிப் பழுதாகும்.

முழு வேலையும் மெனிஃபோல்டின் மூன்று நட்டில்தான் இருந்தது. முதல் நாள் பின்னேரமே கறள் எண்ணெய் அடித்து இரவு முழுக்க ஊறவிட்டார்கள். 14 மி.மீ. சொக்கட்டில் ஆறு மூலையுள்ளதை எடுக்க வேண்டும். பன்னிரண்டு மூலை கறள் தின்ற நட்டின் முனையைச் சீவிவிடும். ஒரு நட் அப்படியும் வழுக்கியது, 13 சொக்கட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றியதும் பிடித்தது. சூடு காட்டுவதென்றால் நட்டுக்குத்தான் காட்ட வேண்டும், ஸ்டட்டுக்கு இல்லை. விரிய வேண்டியது நட். நெருப்பை அணைத்த பிறகுதான் எண்ணெய், பக்கத்தில் டீசல் குழாய் போவதை மறக்கக்கூடாது. எட்டில் ஒரு சுற்று தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி வர வேண்டும். கீச்சென்று முனகிக்கொண்டு இறுகினால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

மூன்றாவது நட்டில் நிறுத்தவில்லை. ஸ்டட் முறிந்தது.

நல்ல காலம், 4 மி.மீ. அளவில் மிச்சம் வெளியே நின்றது. அதன் மேல் ஒரு எம்10 நட்டை வைத்து, துளைக்குள்ளே வெல்டிங்கால் நிரப்பி, கை பொறுக்கும் சூடு வரும்வரை ஆறவிட்டுத் திருப்பினார்கள். முதல் நட் பிய்ந்து வந்தது. இரண்டாவது நட்டோடு ஸ்டட் சுழன்று வந்துவிட்டது. இங்கே வேலை செய்வது நட்டின் பிடி மட்டும் இல்லை. வெல்டிங்கின் சூடு ஸ்டட்டை நடுவிலிருந்து சுட்டு, புரிக்குள் இருந்த கறளை உடைக்கிறது.

ஸ்டட் மட்டத்தோடு முறிந்திருந்தால் கதை வேறு. அரத்தால் சமப்படுத்தி, நடுவை அளந்து பஞ்ச் அடித்து, 3, 5, 7 என்று ஏறிக் கடைசியில் 8.8 மி.மீ. பிட், பிறகு எம்10, 1.25 பிட்ச் (புரி இடைவெளி) டப், அதாவது புரி வெட்டும் கருவி. 8.5 பிட் 1.5 பிட்ச்சுக்கு உரியது, இங்கே பொருந்தாது. ஸ்டட்டின் உருக்கைவிட மெனிஃபோல்டின் வார்ப்பிரும்பு மென்மையானது. பஞ்ச் ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் பிட் அந்தப் பக்கம் வழுக்கி ஓடும். ஈசி அவுட் என்று விற்கும் கூம்பு ஆணியை இந்த இடத்தில் பாவிக்க வேண்டாம். அது உள்ளே முறிந்தால் அதைத் துளைக்கச் சாதாரண பிட் எதுவும் உதவாது, மெனிஃபோல்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டு போக வேண்டியதுதான்.

பழைய கேஸ்கட்டைக் கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டுச் சுரண்டுவது வழக்கம். அந்தக் காலத்துக் கேஸ்கட்டில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம் என்பதால் தண்ணீர் தெளித்துக் கையால் சுரண்டி, ஈரமாகவே பொதி கட்டி எறிய வேண்டும்.

பூட்டுதல்

எல்லாவற்றையும் முதலில் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு பின்னால் போனால் கடைசி ஹெங்கருக்கு வரும்போது குழாய் ஒரு விரல் அளவு விலகி நிற்கும், அதை இழுத்துப் பூட்டுவார்கள், அந்த இழுவையைக் கழுத்து சுமக்கும். தொங்கவிட்டு, உடலிலிருந்தும் கேபிளிலிருந்தும் எங்கும் 25 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, முன்னிருந்து பின்னோக்கி இறுக்குவதுதான் ஒழுங்கு.

சூட்டுக்கும் இடம் விட வேண்டும். மூன்று மீற்றர் இரும்புக் குழாய் 250 பாகை சூடேறினால் ஏறக்குறைய 9 மி.மீ. நீளும். ஆறியிருக்கும்போது பின் ஹெங்கர் ரப்பர் முன்பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தால் சூட்டில் நேராகும். ஆறியிருக்கும்போதே நேராகப் பூட்டினால் ஓட்டத்தில் எப்போதும் இழுபட்டிருக்கும்.

ஸ்டட்டுக்குச் செப்புக் கிரீஸ், கேஸ்கட் காய்ந்தபடி, பேஸ்ட் இல்லாமல். மூன்று நட்டும் மாறி மாறி, முதலில் 20 நியூட்டன் மீற்றர், பிறகு 40. கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் செல்லும். பிராக்கட்டை 4 மி.மீ. தகட்டில் வெட்டி, இரண்டு போல்ட்டால் கியர்பொக்ஸில் பிடித்தார்கள். இதில் வரிசை மாறக்கூடாது: முதலில் பிளாஞ்ச் இறுக்கம், அதன் பிறகுதான் பிராக்கட். துளை ஒரு மில்லிமீற்றர் விலகினால் குழாயை வளைக்க வேண்டாம், துளையை அரத்தால் நீட்ட வேண்டும்.

பின் இணைப்பில் வெல்டிங் தேவைப்பட்டது. முதல் குச்சியிலேயே ஓட்டை விழுந்தது. கையிலிருந்தது 10 கேஜ் குச்சி, 3.25 மி.மீ. ஒரு மில்லிமீற்றர் தகட்டுக்கு அது கோடரி. 14 கேஜ், அதாவது 2 மி.மீ. குச்சி வாங்கி, 45 அம்பியரில், புள்ளி புள்ளியாக எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்து ஒட்டினார்கள். அதற்கு முன் பற்றரியின் நெகடிவ் கழற்றப்பட்டது, எர்த் கிளம்ப் ஒட்டும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அதே குழாயில். இல்லாவிட்டால் ஓல்டனேற்றரின் டயோட் போய்விடும், பிறகு அது இன்னொரு நிகழ்வு ஆய்வு. ஒட்டிய இடத்தில் பூச்சு எரிந்திருக்கும், வயர் பிரஷ் அடித்து, சூடு தாங்கும் பெயின்ட் இரண்டு கை.

வால் குழாயின் முனை பம்பருக்கு வெளியே நிற்க வேண்டும். அழகுக்காக உள்ளே வெட்டினால், ஓடும் வேனின் பின்னால் உண்டாகும் உறிஞ்சலில் புகை பின் கதவின் தேய்ந்த ரப்பர் வழியாகத் திரும்ப உள்ளே வரும்.

வேலைக்குப் பின்

ஈரத் துணிச் சோதனை மறுபடி செய்யப்பட்டது. இந்தத் தடவை சீறல் எங்கும் இல்லை, புகை துணியைத் தள்ளிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் ஓட்டத்துக்குப் பிறகு, எஞ்சின் ஆறியிருக்கும்போது, நட்டுகள் மறுபடி 40 க்கு இறுக்கப்பட்டன. ஒரு நட் கால் சுற்று ஏறியது. புதுக் கேஸ்கட் அமுங்குவது வழக்கம்தான். முதல் அரை மணி நேரம் பெயின்ட் எரியும் மணம் வரும், அதைக் கசிவென்று பயப்படத் தேவையில்லை, ஆனால் கண்ணாடிகளைத் திறந்துவைத்து ஓட வேண்டும்.

புகைப் பரிசோதனைக்கு இது எவ்வளவு உதவும் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். 2008 இல் தொடங்கிய அந்தச் சோதனையில் டீசல் வாகனத்துக்குப் பார்ப்பது புகையின் கறுப்பை. கறுப்பு வருவது இன்ஜெக்டரிலும் பம்பிலும் அடைபட்ட எயார் ஃபில்டரிலும். புதுச் சைலன்சர் அதைத் திருத்தாது. கழற்றிப் பூட்டும்போது குழாய்க்குள் உதிர்ந்த கரி முதல் சில நாள் கூடுதலாகக்கூட வரும். அதனால் சோதனைக்கு முன் இருபது நிமிடமாவது நெரிசல் இல்லாத வீதியில் நன்றாகச் சூடேற ஓட்டிவிட்டுப் போவது புத்தி.

நாலு மாதத்துக்குப் பிறகு பார்த்ததில் கழுத்தில் வெடிப்பு இல்லை, பிளாஞ்சைச் சுற்றிக் கரி இல்லை, பிராக்கட் போல்ட் இரண்டும் இறுக்கம். வலப்பக்கப் பின் ஹெங்கரில் மட்டும் ரப்பர் கொக்கியின் முனையில் உரசியிருந்தது, முனையை அரத்தால் மழுக்கியதோடு சரி. உரிமையாளரிடமிருந்து வந்த முறைப்பாடு ஒன்றுதான்: காலையில் வேனை எடுத்த பிறகு சைலன்சர் நின்ற இடத்தில் தரையில் கறுப்புத் தண்ணீர் சொட்டியிருக்கிறதாம், அந்தச் சின்ன ஓட்டையை அடைத்துவிடலாமா என்று.